வாய் திறக்க வராத வக்கீல்

தோட்டத்தில் ஒருவனைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அது கடைசியில் எங்கே போய் முடியும் என்பது வாசகர்களுக்குத் தெரியும். அவன் பிறவிக் குணம் அப்படி, அவங்க அப்பனும் அப்படித்தான், என்ன சொன்னாலும் திருந்தமாட்டான் என்று முடியும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்பார்கள். சம்பளத்தன்று சம்சுக் கடையில் விழுகிறவனுக்கும் இந்தப் பேச்சுதான். வீட்டில் கை நீட்டுகிறவனுக்கும் இதுதான். கோப்பிக் கடையில் சிங்கம்போல் முழங்கிவிட்டு, மானேஜர் முன்னால் போனதும் தொண்டை அடைத்துப் போகிறவனுக்கும் இதுதான்.

சங்க வேலையாகக் குளுவாங், லாபிஸ், சிகாமட் பக்கத்துத் தோட்டங்களைச் சுற்றி வந்த நமக்கு இந்தப் பேச்சு கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. சும்மா பொழுதுபோக்காகச் சொல்கிற பேச்சு என்று இதைத் தள்ளவும் முடியவில்லை. ஏனென்றால் அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைமார்களும் நம்மைப் பற்றி இதையேதான் எழுதி வைத்தார்கள். தமிழன் பிறவியிலேயே அடங்கிப் போகிறவன், எதிர்த்துப் பேசமாட்டான், ஆகவே ரப்பர்க் காட்டுக்கு ஏற்றவன் என்றார்கள். அவர்கள் சொன்னது அவர்கள் லாபத்துக்கு. அதை நாமே நம் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்கிறோமே, அது யார் லாபத்துக்கு?

ஆகவே இந்த வாரம் ஒரு மனிதரின் வாழ்க்கையை இந்தக் கண் கொண்டு பார்ப்போம். அவருடைய படம் ஒரு காலத்தில் நம் லயத்து வீடுகளில் சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே தொங்கியது. பொக்கை வாய்ச் சிரிப்பு, கையில் தடி, இடுப்பில் முழத்துண்டு. காந்தியடிகள்தாம். அவரை மகாத்மா, மகாத்மா என்று சொல்லிச் சொல்லியே, பிறக்கும்போதே அப்படிப் பிறந்தவர் என்று முடிவு கட்டிவிட்டோம். அவரோ 1925ஆம் ஆண்டு தொடங்கி வாராவாரம் பத்திரிகையில் தம் கதையை எழுதியபோது, தம் கோழைத்தனத்தையும் கோபத்தையும் கொஞ்சமும் மறைக்கவில்லை. சத்திய சோதனை என்ற அந்த நூலைப் படித்தவர்களுக்கு நாம் சொல்லப்போவதில் பாதி தெரிந்திருக்கும்.

மோகன்தாஸ் 1869 அக்டோபர் 2ஆம் நாள் குஜராத்தில் போர்பந்தரில் பிறந்தார். தகப்பனார் சமஸ்தானத்துத் திவான். வீட்டில் குறை ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளையோ கூச்சத்தின் உருவம். பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரத்துக்குச் சரியாகப் போய் நிற்பார். பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஒரே ஓட்டம். நடந்தால் யாராவது பேச்சுக் கொடுத்துவிடுவார்களோ, கேலி செய்துவிடுவார்களோ என்ற பயம். இரவில் விளக்கில்லாமல் தூங்க முடியாது. ஒரு பக்கம் திருடன் வருவான், இன்னொரு பக்கம் பேய் வரும், மற்றொரு பக்கம் பாம்பு வரும் என்று நினைப்பு ஓடும். 13 வயதில் கல்யாணம் ஆகிவிட்டது. அதே வயதுடைய கஸ்தூரிபாவோ இருட்டில் கை வீசிக்கொண்டு நடப்பார். இதைப் பார்த்து மோகன்தாஸுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டு வேலைக்காரி ரம்பா என்ற அம்மாள், பயம் வந்தால் ராம நாமத்தைச் சொல்லு தம்பி என்று பழக்கிவிட்டார். சின்ன வயதில் அது கொஞ்ச நாள்தான் நின்றது.

குணத்தை மாற்றிக்கொள்ள அவர் எடுத்த முதல் முயற்சி குறுக்கு வழி. கூட்டாளி ஒருவன் இருந்தான். பாம்பைக் கையில் பிடிப்பேன், பேய்க்குப் பயப்படமாட்டேன், எல்லாம் கறி தின்கிற பலம் என்று சொன்னான். சைவ வீட்டுப் பிள்ளை ஆற்றங்கரையில் ஒளிந்து ஆட்டுக்கறி தின்றது. அன்றிரவு வயிற்றுக்குள் ஆடு கத்துவதுபோல் இருந்து தூக்கம் போயிற்று. ஒரு வருஷ காலத்தில் ஐந்தாறு தடவை தின்றும் வீரம் வந்தபாடில்லை. வீட்டில் பொய் சொல்ல வேண்டி வந்ததுதான் மிச்சம்.

இரண்டாவது முயற்சி லண்டனில். 1888இல் சட்டம் படிக்கக் கப்பலேறினார். போன இடத்தில் வெள்ளைக்கார கனவானாக மாறிவிட வேண்டும் என்று ஒரு பைத்தியம் பிடித்தது. புதுக் கோட்டு, உயரமான பட்டுத் தொப்பி, கண்ணாடி முன்னால் பத்து நிமிஷம் தலை வாருவது, மூன்று பவுண்டு கட்டி நடன வகுப்பு, இன்னொரு மூன்று பவுண்டுக்கு வயலின், அதற்கு மேல் மேடையில் பேசக் கற்றுத் தரும் ஆசிரியர். நடனத்தில் தாளம் பிடிபடவில்லை. மூன்று மாதத்தில் பைத்தியம் தெளிந்தது. வேஷத்தை மாற்றினால் ஆள் மாறிவிடுவான் என்று நினைக்கிற இளைஞர்கள் இன்றும் மாசாயிலும் ஸ்கூடாயிலும் இருக்கத்தானே செய்கிறார்கள்! அவர்களை நாம் திட்டப் போவதில்லை. காந்தியே அப்படி இருந்தவர்.

அந்த வேஷம் கலைந்த பிறகு அவர் செய்ததுதான் கவனிக்க வேண்டியது. பெரிய சபதம் எதுவும் இல்லை. செலவு செய்த ஒவ்வொரு காசையும், பஸ் கட்டணம், தபால் தலை, பத்திரிகை வாங்கிய சில்லறை உட்பட, எழுதி வைத்தார். தினம் இரவு படுக்குமுன் கணக்கை நேர் பார்த்தார். வண்டிச் செலவை விட்டுத் தினம் எட்டுப் பத்து மைல் நடந்தார். காலைக் கஞ்சியைத் தாமே காய்ச்சிக் குடித்தார். இவ்வளவுதான். இந்த மூன்று பழக்கமும் சாகும் வரை அவரை விட்டுப் போகவில்லை என்றே சொல்லலாம். பிற்காலத்தில் லட்சக்கணக்கான பொதுப் பணம் அவர் கை வழியாகப் போயும் கணக்கு இடிக்காததற்கு அந்த லண்டன் நோட்டுப் புத்தகம்தான் காரணம் என்று அவரே எழுதியிருக்கிறார். நம் கிளைப் பொருளாளர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கலாம்.

ஆனால் கூச்சம்? அது அசையவில்லை. சைவ உணவுக்காரர்கள் சங்கத்தில் நிர்வாகக் குழு உறுப்பினர் ஆனார். கூட்டத்துக்குக் கூட்டம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பார். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக் கொண்டுபோனால் வேறொருவர்தான் படிக்க வேண்டும். வென்ட்நார் என்ற ஊரில் ஒரு கூட்டம். ஒரு தாளுக்கு மேல் போகாத பேச்சுதான். எழுந்து நின்றார், கண் இருண்டது, கால் நடுங்கியது. கூட வந்த நண்பர் வாங்கிப் படித்தார். 1891இல் நாடு திரும்புமுன் நண்பர்களுக்கு ஹோட்டலில் விருந்து வைத்து, ஒரு நகைச்சுவைப் பேச்சு தயார் செய்து வைத்திருந்தார். முதல் வாக்கியத்துக்குமேல் வரவில்லை. நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

பம்பாயில் நடந்தது இன்னும் மோசம். பாரிஸ்டர் பட்டத்தோடு வந்த மனிதர். சின்ன வழக்கு மன்றத்தில் 30 ரூபாய்க்கு முதல் வழக்கு. எதிர்த்தரப்பு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது. ஒரு கேள்விகூட நாவில் வரவில்லை. கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து, வேறு வக்கீலிடம் வழக்கைத் தள்ளிவிட்டுக் கச்சேரியை விட்டு ஓடிவந்தார். அப்பொழுது அவரைப் பார்த்தவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? இவனுக்கு இது வராதுய்யா என்றுதான்.

1893இல் தென்னாப்பிரிக்காவில் ஒரு முஸ்லிம் வியாபாரியின் கம்பெனி வழக்குக்காக, வருஷத்துக்கு 105 பவுண்டு சம்பளம் பேசிக் கப்பலேறினார். முதல் வகுப்பு டிக்கெட் வைத்திருந்தும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் இரவில் ரயிலிலிருந்து தள்ளப்பட்டார். அதே பயணத்தில் பிறகு குதிரை வண்டியில் அடியும் வாங்கினார். இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். ரயிலிலிருந்து விழுந்தவர் ஒரே ராத்திரியில் மாறிவிட்டார் என்று சினிமாவில் காட்டுவதுபோல் சொல்கிறார்கள். நமக்கு அதில் சம்மதமில்லை. அந்த ராத்திரியில் அவருக்கு வந்தது ரோஷம். ரோஷம் நம் தோட்டத்திலும் அடிக்கடி வரும், இரண்டு நாளில் இறங்கிவிடும். அவருக்கு இறங்காமல் போனதற்குக் காரணம் அதற்குப் பிறகு நடந்த வேலை.

பிரிட்டோரியா போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அங்குள்ள இந்தியர்களை ஒரு வியாபாரி வீட்டில் கூட்டினார். வாழ்க்கையில் முதன்முதலாகத் தடங்கலில்லாமல் பேசினார். பேசிய விஷயம் வியாபாரத்தில் உண்மையாக நடப்பது. அதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. கேட்டவர்களும் தம்மைப்போல் அடிபட்டவர்கள். கூட்டம் அதோடு நிற்கவில்லை, ஏறக்குறைய ஒழுங்காக நடந்துகொண்டே இருந்தது. இங்கிலீஷ் தெரியாமல் கஷ்டப்பட்ட மூன்று பேருக்கு, ஒரு முடி திருத்துபவர், ஒரு குமாஸ்தா, ஒரு சின்னக் கடைக்காரர், அவர்கள் இடத்துக்கே நடந்து போய் எட்டு மாதம்போல் பாடம் சொன்னார். கூச்சக்காரனுக்கு ஆயிரம் பேர் வேண்டாம், மூன்று பேர் போதும்.

1894இல் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தொடங்கியபோது சந்தா வசூலுக்கும் போனார். சந்தா வசூல் என்றால் என்ன என்று நம்மிடம் கேட்க வேண்டாம்! டோங்காட் என்ற ஊரில் ஒரு வியாபாரி. இவர்கள் எதிர்பார்த்தது ஆறு பவுண்டு, அவர் மூன்றுக்கு மேல் தரமாட்டேன் என்றார். சாப்பிடாமல், கோபித்துப் பேசாமல், இரவு முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். விடிந்ததும் ஆறு பவுண்டும் வந்தது, சாப்பாடும் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்த பிள்ளையா இது?

இனி நம்மவர் கதை. அதே ஆண்டு டர்பனில் அவர் அலுவலகத்துக்குள் ஒரு தமிழர் நுழைந்தார். பெயர் பாலசுந்தரம். நம் பாட்டன் பூட்டன்மாரைப்போலவே ஒப்பந்தத்தில் கட்டுண்டு போன கூலித் தொழிலாளி. முன்பல் இரண்டும் உடைந்து வாயெல்லாம் ரத்தம், கந்தல் உடை, தலைத்துண்டு கையில். முதலாளியின் அடி. காந்தியடிகளின் குமாஸ்தா தமிழர், அவர்தான் அழுகைக்கு நடுவே மொழிபெயர்த்தார். மருத்துவச் சான்று வாங்கி, மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோய், அந்த முதலாளியிடமிருந்து பாலசுந்தரத்தை விடுவித்து வேறிடத்தில் சேர்த்தார் அந்த வாய் திறக்காத வக்கீல். 30 ரூபாய் வழக்கில் எழுந்து நிற்க முடியாதவர்!

அந்தத் தலைத்துண்டை மறந்துவிட வேண்டாம். வெள்ளைக்காரன் முன்னால் தலைத்துணியைக் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். பழகிப்போன பாலசுந்தரம் காந்தியின் முன்னாலும் அப்படியே நின்றார். தலையில் கட்டிக்கொள்ளுங்கள் என்று காந்தி கேட்டுக்கொண்டார். தயங்கித் தயங்கித்தான் கட்டினார், ஆனால் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது. நம் நாட்டிலும் 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வு, கள்ளுக்கடை மூடுதல் இவற்றோடு இன்னொரு கோரிக்கையும் வைத்தார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது. பட்டாளம் வந்து சுட்டு, உயிர்களும் பலியாயின. பிறவியிலேயே அடங்கியவன் என்று எழுதி வைத்தார்களே, அவர்களுடைய கூலிகள்தாம் இவர்கள். இறங்கி நின்றதும் பழக்கம்தான், இறங்கமாட்டேன் என்று மிதித்ததும் பழகிக்கொண்டதுதான்.

சரி, கூச்சம் போயிற்று. கோபம்?

வெளியில் பொறுமைசாலியாக இருக்கிறவர் வீட்டில் எப்படி என்று பார்க்காமல் ஒருவரின் குணத்தை எடை போட முடியாது. இளவயதில் அவர் சந்தேகக்காரப் புருஷன், கஸ்தூரிபா கோயிலுக்குப் போவதானாலும் தம்மைக் கேட்டுத்தான் போக வேண்டும் என்றவர். 1898இல் டர்பன் வீட்டில் நடந்தது இது. குமாஸ்தாக்களும் அதே வீட்டில் தங்கியிருந்தார்கள். அறைகளில் கழிவுநீர்க் குழாய் இல்லை, சட்டிகளைக் காலையில் எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். புதிதாக வந்தவர் தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த கிறிஸ்தவர். அவர் சட்டியை எடுக்கக் கஸ்தூரிபாவுக்கு மனமில்லை. அழுதுகொண்டே எடுத்தார். அழக் கூடாது, சிரித்த முகத்தோடு எடுக்க வேண்டும் என்று கத்தினார் கணவர். வார்த்தை முற்றியது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வெளிக் கதவைத் திறந்து தள்ளப் போனார். வெட்கமில்லையா உங்களுக்கு, இந்த அந்நிய தேசத்தில் அப்பா அம்மா இல்லாத நான் எங்கே போவேன் என்ற பொருள்பட அந்த அம்மாள் கேட்டபோதுதான் கை தளர்ந்தது. சாதி ஒழிப்புக்காகத்தானே சண்டை என்று சிலர் சமாதானம் சொல்லலாம். நாம் சொல்லமாட்டோம். நல்ல காரியத்துக்காகப் பெண்டாட்டியை இழுத்தாலும் இழுத்ததுதான்.

அவர் அந்தக் கோபத்தை எப்படிக் கையாண்டார்? மனைவிக்கு உத்தரவு போடுவதைக் குறைத்து அதே வேலையைத் தாமே செய்யத் தொடங்கினார். 1901இல் கல்கத்தாக் காங்கிரசில் கக்கூஸ் நாற்றமடித்தது. தொண்டர்கள் அது எங்கள் வேலையல்ல என்றார்கள். அவரே துடைப்பம் வாங்கிக் கழுவினார். 1904இல் டர்பனுக்கு வெளியே ஃபீனிக்ஸ் குடியிருப்பு, 1910இல் டால்ஸ்டாய் பண்ணை என்று அமைத்தபோது அந்த வேலை எல்லாருக்கும் பொது என்றாயிற்று. கோபம் முற்றாகத் தீர்ந்ததா என்றால் இல்லை. டால்ஸ்டாய் பண்ணையில் முரண்டு பிடித்த பையன் ஒருவனை ரூல் தடியால் கையில் அடித்துவிட்டார். அடித்தபோது அவர் உடம்பே நடுங்கியது. அதற்குப் பிறகு பிள்ளைகள் மேல் தடி எடுக்கவில்லை. கோபம் வராமல் போய்விடவில்லை, வருகிறபோது கை என்ன செய்கிறது என்பதை அவர் கவனிக்கத் தொடங்கினார்.

1913இல் கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணம் செல்லாது என்று தென்னாப்பிரிக்க நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதோடு, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் தலைக்கு மூன்று பவுண்டு வரி என்ற பழைய கொடுமையும் இருந்தது. மாதம் 14 ஷில்லிங்குக்கு மேல் பார்க்காத குடும்பத்துக்கு மூன்று பவுண்டு! சிறைக்குப் போ என்று காந்தி தம் மனைவியிடம் சொல்லவில்லை. மற்றப் பெண்களிடம் பேசியதைக் கேட்டுவிட்டு, என்னை ஏன் கேட்கவில்லை என்று கஸ்தூரிபாவே வந்தார். மூன்று மாதம் சிறையிருந்தார். கதவு வரை இழுத்த கை, 15 வருஷத்தில் இவ்வளவு தூரம் வந்திருந்தது. தமிழ்ப் பெண்கள் நியூகாசல் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளரைக் கிளப்பினார்கள். நவம்பர் 6ஆம் நாள் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 பிள்ளைகளும் ரொட்டியும் சர்க்கரையும் படியாக வாங்கிக்கொண்டு எல்லை தாண்டி நடந்தார்கள். கரும்புத் தோட்டங்களும் நின்றன. 1914இல் வரி ஒழிந்தது. சிறையிலிருந்து காய்ச்சலோடு வந்த தில்லையாடி வள்ளியம்மை 16 வயதில் மாண்டது அதே ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள். கஸ்தூரிபாவும் 30 ஆண்டு கழித்துச் சிறைக்காவலில் உயிர் விட்டது பிப்ரவரி 22ஆம் நாள்தான்.

எல்லா முயற்சியும் அவருக்குப் பலித்துவிட்டது என்று எழுதினால் அது பொய். தமிழர்கள் தமக்காக இவ்வளவு செய்கிறார்களே என்று கப்பலிலும் சிறையிலும் தமிழ்ப் புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்தார். எழுத்துக் கூட்டுவதைத் தாண்டி அதிகம் போகவில்லை. அந்தக் குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது. இதைவிடப் பெரிய குறை மூத்த மகன் ஹரிலால். தென்னாப்பிரிக்காவில் அப்பாவின் போராட்டத்தில் பலமுறை சிறை போன பிள்ளை அவர். தம்மையே அடக்கிப் பழகிய தகப்பன், பிள்ளையையும் அதே அச்சில் வார்க்கப் பார்த்தார். அவர் ஏங்கிய படிப்பைக் கொடுக்கவில்லை. 1911இல் மகன் கோபித்துக்கொண்டு பிரிந்தார். பிறகு குடியில் விழுந்தார். தகப்பன் சுடப்பட்டு இறந்த 1948ஆம் ஆண்டிலேயே, ஐந்து மாதம் கழித்து, பம்பாயில் இறந்தார். தன்னை மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர் மற்றவரை மாற்றத் தெரிந்தவர் என்று அர்த்தமில்லை. வீட்டில் குடிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு தவிக்கிற தாய் தகப்பன்மார் நம் தோட்டங்களில் நிறைய. வளர்த்த குற்றம்தான் என்று அவர்கள் மேல் பழி போடுகிறவர்கள் ஹரிலாலை நினைத்துப் பார்க்கட்டும்.

அந்தப் பழைய கூச்சமாவது வேரோடு போயிற்றா என்றால், அதுவும் முழுக்கப் போகவில்லை. லட்சம் பேர் கூடிய கூட்டங்களில் பேசினார், ஆனால் சத்தமாக முழங்கியவர் அல்ல. எழுதியதைப் படிப்பதுபோல் ஏற்ற இறக்கமில்லாத பேச்சுத்தான். கூச்சத்தினால் சொல்லை எண்ணி எண்ணிச் செலவு செய்யப் பழகினேன், அதுவே எனக்கு நன்மையாயிற்று என்ற கருத்தில் அவரே எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் திங்கட்கிழமை தோறும் மௌன விரதம். அன்று வாய் திறப்பதில்லை, தேவையானால் சீட்டில் எழுதிக் காட்டுவார். 1947 ஜூன் 2ஆம் நாள் திங்கட்கிழமை. நாட்டை இரண்டாகப் பிரிக்கும் திட்டத்தோடு வைஸ்ராய் மவுண்ட்பேட்டன், காந்தியடிகள் என்ன சொல்லப் போகிறாரோ என்று கவலைப்பட்டுக்கொண்டு காத்திருந்தார். வந்தவர் உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, பழைய கடித உறைகளின் பின்பக்கத்தில் பென்சிலால் பதில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.